உள்வாங்கிய நெஞ்சு: தழும்புதான் சின்னது, ஆபரேஷன் இல்லை

"கீஹோல்தானே, ரெண்டு சின்ன ஓட்டையில முடிஞ்சிடும்." குழந்தைகளின் நெஞ்சில் செய்யும் ஆபரேஷனைப் பற்றி இப்படிப் பேசுவது சகஜம். இதில் பாதிதான் உண்மை. 'நஸ்' ஆபரேஷனைப் பார்த்தால் புரியும்.

சில குழந்தைகளுக்கு மார்பெலும்பு உள்வாங்கி, நெஞ்சு நடுவே கிண்ணம் மாதிரிப் பள்ளம் இருக்கும். பெயர், பெக்டஸ் எக்ஸ்கவேட்டம். சுமார் 300 முதல் 400 குழந்தைகளில் ஒருவருக்கு இது உண்டு, பையன்களுக்கே அதிகம். டீன் ஏஜில் கிடுகிடுவென வளரும்போது பள்ளமும் ஆழமாகலாம். லேசாக இருந்தால் விட்டுவிடலாம். ரொம்ப ஆழமானால் இதயமும் நுரையீரலும் நெருக்கப்பட்டு, ஓடினால் மூச்சு வாங்கும்.

பழைய ராவிட்ச் முறையில் நெஞ்சின் முன்பக்கம் திறந்து, விலா எலும்புகளின் குருத்தெலும்பை வெட்டி எடுப்பார்கள். குழந்தையின் குருத்தெலும்புதான் வளைந்து கொடுக்குமே, எதற்கு வெட்டணும்? அமெரிக்காவின் நார்ஃபோக் நகரில் டாக்டர் டொனால்ட் நஸ் 1987-ல் இந்த வழியில் இறங்கினார். நெஞ்சின் இரு பக்கமும் சிறு வெட்டு. வளைந்த உலோகப் பட்டையை மார்பெலும்புக்கு அடியில் நுழைத்துத் திருப்பினால், பள்ளம் வெளியே தள்ளப்படும். பத்தாண்டு அனுபவத்தை 1998-ல் வெளியிட்டார். பட்டை இதயத்தை ஒட்டியே போவதால், பிறகு கேமராவும் சேர்ந்தது. இதயத்தில் காயம்படுவது அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது.

தோலில்தான் வெட்டு சின்னது. உள்ளே, பல வருஷம் வளர்ந்த நெஞ்சுக்கூடு ஒரே நாளில் வடிவம் மாறுகிறது. அதனால் முதல் நாட்களின் வலி கடுமையானது. விலா நரம்புகளை உறையவைத்து மரத்துப்போகச் செய்யும் முறை இப்போது இதற்குக் கைகொடுக்கிறது. பட்டை பொதுவாக 2 முதல் 4 வருஷம் உள்ளேயே இருக்கும். இடம் நகர்ந்தால் மறுபடி ஆபரேஷன். எல்லாம் நல்லபடி நடந்தாலும், அதை எடுக்க இன்னொரு முறை மயக்க மருந்து.

ஆக, 'கீஹோல்' என்ற ஒரு சொல்லை நம்பி பெற்றோர் கையெழுத்துப் போடக் கூடாது. பள்ளத்தின் ஆழத்தை ஸ்கேனில் அளக்கும் ஹாலர் இண்டெக்ஸ் எவ்வளவு (3.25-க்கு மேல் என்றால் தீவிரம்), எக்கோ என்ன சொல்கிறது, வெளியிலிருந்தே உறிஞ்சி இழுக்கும் வேக்குவம் பெல் போதுமா என்று கேட்க வேண்டும். சட்டையைக் கழற்றக் கூச்சப்பட்டு நீச்சல் குளத்துக்கே போகாத பையனின் கஷ்டத்தை 'வெறும் அழகு விஷயம்' என்று தள்ளுவதும் தப்பு. பட்டையைச் சுமக்கப்போவது அவன். வலி எப்படி, எத்தனை மாதம் விளையாட முடியாது என்பதை டாக்டர் முதலில் அவனிடம்தான் சொல்ல வேண்டும், அப்பா அம்மாவிடம் மட்டுமல்ல.