பலாலி யாருக்கு? வன்னியிலிருந்து சில கேள்விகள்

பலாலிக்கு 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்' என்று பெயர் சூட்டியது 2019 ஒக்ரோபர் 17 ஆம் திகதி. அன்றைய ஜனாதிபதியும் பிரதமரும் நேரில் வந்து திறந்து வைத்தார்கள். சென்னையிலிருந்து முதல் விமானம் வந்திறங்கியது. எமது அரசியல்வாதிகள் மாலையும் கழுத்துமாக நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். வடக்கின் வான்வாசல் திறந்துவிட்டது என்று பத்திரிகைகள் தலைப்பிட்டன.

நல்லது. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. கிளிநொச்சியில் வாழும் ஒரு தாய், லண்டனில் உள்ள மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் துணையாகச் செல்லப் புறப்பட்டால், அவரை ஏற்றிய வாகனம் ஏ-9 வீதியில் வடக்கே திரும்புவதில்லை, தெற்கே திரும்புகிறது. ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர் தொலைவில் உள்ள விமான நிலையத்தை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, முந்நூறு கிலோமீற்றர் அளவிலுள்ள கட்டுநாயக்காவை நோக்கி இரவு முழுவதும் ஓடுகிறது. ஏன்?

விமான நிலையம் என்றால் ஓடுபாதை என்று எண்ணுவது எம்மவரின் பழைய பழக்கம். அது முதலில் தரையில் கிடக்கும் விடயம். இதைப் புரிந்துகொள்ள, எமது உறவினர் பெருந்தொகையாக வாழும் லண்டனையே எடுத்துக்கொள்வோம்.

லண்டன் என்ற பெயரைத் தாங்கிய விமான நிலையங்கள் ஆறு: ஹீத்றோ, கற்விக், ஸ்ரான்ஸ்ரெட், லூட்டன், சிற்றி, சவுத்என்ட். இவற்றுள் ஹீத்றோவும் சிற்றியும் மட்டுமே பெருலண்டனின் எல்லைக்குள் இருப்பவை. கற்விக் சசெக்ஸ் மண்ணில் இருக்கிறது. லூட்டன் பெட்போர்ட்ஷயரில் இருக்கிறது. ஸ்ரான்ஸ்ரெட்டும் சவுத்என்டும் எசெக்ஸில் இருப்பவை. ஸ்ரான்ஸ்ரெட் நகரின் நடுவிலிருந்து அறுபது கிலோமீற்றருக்குக் குறையாத தொலைவு. அப்படியிருந்தும் அது லண்டனின் விமான நிலையம் என்று யாரும் வாதாடாமலே ஒப்புக்கொள்கிறார்கள். காரணம் பெயர்ப்பலகை அல்ல, புகையிரதம். விமானத்திலிருந்து இறங்கியவர் அதே கட்டடத்தின் அடியில் புகையிரதம் ஏறி, ஒரு மணித்தியாலத்துக்குள் நகரின் நடுவே நிற்கிறார்.

ஹீத்றோவுக்குப் பாதாளப் புகையிரதம் 1977 இலேயே வந்துவிட்டது. லூட்டனில் புகையிரத நிலையத்துக்கும் விமான நிலையக் கட்டடத்துக்கும் இடையில் இருந்த இடைவெளி ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர். அந்த இரண்டு கிலோமீற்றரும் பயணிகளுக்குத் தொல்லையாக இருக்கிறது என்று கருதி, 2023 இல் தனியான சிறு தொடருந்துப் பாதை அமைத்தார்கள். எண்பது கிலோமீற்றரை எவரும் பொருட்படுத்தாத நாட்டில் இருந்துகொண்டு இதை வாசிக்கும்போது சிரிப்பதா அழுவதா?

இத்தனை வாசல்கள் இருப்பதனால் லண்டன்வாசி தெரிவு செய்கிறார். நீண்ட தூரப் பயணத்துக்கு ஹீத்றோ. மலிவுக் கட்டணத்தில் ஐரோப்பாவுக்குப் போய்வர லூட்டன் அல்லது ஸ்ரான்ஸ்ரெட். அலுவலாகக் காலையில் போய் மாலையில் திரும்புபவருக்குச் சிற்றி. தொலைவையும் கட்டணத்தையும் நேரத்தையும் பொதியின் எடையையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து முடிவெடுக்கிறார். வன்னிவாசிக்கு இத்தகைய கணக்கு எதுவும் இல்லை. ஹயஸ் வானை யாரிடம் பிடிப்பது, இரவு எத்தனை மணிக்குப் புறப்படுவது என்ற இரண்டே கேள்விகள்தான்.

அந்த வான் பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புறப்படுபவர் ஒருவர், ஏறுபவர் பத்துப் பேர். கொழும்பில் உள்ளவர்கள் இதைக் கேலி செய்வதை நான் கேட்டிருக்கிறேன். ஓர் ஆளை வழியனுப்ப ஓர் ஊரே வருகிறது என்பார்கள். கேலி செய்பவர்களுக்கு வன்னியின் கதை தெரியாது. இந்தக் குடும்பங்கள் போரால் சிதறியவை. கனடாவில் ஒருவர், பிரான்ஸில் ஒருவர், தமிழ்நாட்டு முகாமில் ஒருவர் என்று பிரிந்தவர்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின் வந்திறங்கும் அண்ணனை வாசலில் வைத்தே பார்க்க வேண்டும் என்று தங்கை விரும்புவதில் என்ன பிழை? போகிறவர் திரும்பும்போது தாம் உயிரோடு இருப்போமா என்று அஞ்சும் பாட்டி, வானின் பின்னிருக்கையில் முடங்கிக்கொண்டாவது வருவார். வரத்தான் செய்வார்.

அந்த வான் வவுனியா தாண்டி, அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாக விடிவதற்குள் கட்டுநாயக்காவை அடைய வேண்டும். சாரதி பெரும்பாலும் ஒருவரே. பயணியை இறக்கிவிட்டு, ஓய்வில்லாமல் அதே வழியில் திரும்புகிறார். விமான நிலையம் சென்று திரும்பிய வான் விபத்து என்ற செய்தியை எனது பத்திரிகை வாழ்க்கையில் எத்தனை தடவை திருத்தி அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்று எண்ணிச் சொல்ல இயலாது. சாரதியின் நித்திரைக் கலக்கமே காரணம் என்று பொலிஸார் தெரிவித்தனர் என்ற வாக்கியத்தோடு அச்செய்திகள் முடிந்துவிடும். எனது எதிர்ப்பு அந்த வாக்கியத்துக்குத்தான். நித்திரைக் கலக்கம் சாரதியின் குற்றமாக மட்டும் எழுதப்படுகிறது. அவரை அறுநூறு கிலோமீற்றர் ஓட வைத்த ஏற்பாட்டின் மீது எந்த முறைப்பாடும் பதிவாவதில்லை.

இங்கே சிலர் எழுந்து, பலாலியில் பெரிய விமானங்கள் இறங்க இயலாதே, லண்டனுக்கு அங்கிருந்து எப்படிப் போவது என்று கேட்பார்கள். 2019 முதல் பலாலியிலிருந்து தொடங்கப்பட்ட வெளிநாட்டுச் சேவைகள் தமிழ்நாட்டுக்கே என்பது உண்மை. கொவிட் காரணமாக 2020 மார்ச்சில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில்தான் மீண்டது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ சென்னைக்கும், 2025 மார்ச் இறுதியில் திருச்சிக்கும் பறக்கத் தொடங்கியது. எல்லாம் எழுபது பேரளவில் ஏற்றும் விசிறி விமானங்கள்.

ஆனால் லண்டனுக்குப் போவதற்குப் பலாலியிலேயே பெரிய விமானம் ஏற வேண்டும் என்று யார் சொன்னது? சென்னையிலிருந்து லண்டனுக்கும் வளைகுடா நகரங்களுக்கும் விமானங்கள் உண்டு. பலாலியில் பொதியைக் கொடுத்து இறுதி நகரில் எடுக்கக்கூடிய ஒற்றைப் பயணச்சீட்டு தாராளமாகவும் நியாயமான விலையிலும் கிடைத்தால் போதும். தனித்தனிச் சீட்டில் போகும் பயணி சென்னையில் குடிவரவைக் கடந்து, பொதியை எடுத்து, மீண்டும் கொடுக்க வேண்டும். அதற்கு இந்திய விசாவும் வேண்டும். ஆங்கிலம் தெரியாத ஒரு வயதான தாயை இந்தச் சுழலுக்குள் எந்தப் பிள்ளை தள்ளுவான்? ஆகவேதான் வான் தெற்கே திரும்புகிறது.

பலாலி ஏதோ நேற்று முளைத்த நிலையம் என்றும் எண்ணிவிட வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை அமைத்த தளம் அது. 1947 டிசம்பர் 10 இல் எயார் சிலோன் தனது முதற் சேவையைத் தொடங்கியபோது, இரத்மலானையிலிருந்து புறப்பட்ட டக்கோட்டா விமானம் காங்கேசன்துறையில், அதாவது இந்தப் பலாலியில், இறங்கித்தான் சென்னைக்குச் சென்றது. சுதந்திரத்துக்கு முன்னரே வடக்குக்குக் கிடைத்த வசதியை, முக்கால் நூற்றாண்டு கழித்துப் புதுமையென்று நாடா வெட்டித் திறந்தார்கள்.

இடைப்பட்ட காலத்தில் வன்னி மக்கள் விமானத்தை அறிந்த விதம் வேறு. அது ஏறிச் செல்லும் ஊர்தியாக இருக்கவில்லை. பதுங்குகுழிக்குள் பாயச் செய்யும் கிபிரின் இரைச்சலாக இருந்தது. வெளிநாடு போக வேண்டியவர் புலிகளிடம் ஓர் அனுமதியும் படையினரிடம் ஓர் அனுமதியும் பெற்றுத்தான் வவுனியாவைக் கடக்கலாம். 2002 இல் திறந்த ஏ-9 வீதி 2006 ஓகஸ்ட்டில் மீண்டும் மூடப்பட்டது. ஓமந்தைச் சோதனைச்சாவடி 2015 வரை நின்றது. இப்படிப் பல்லாண்டுகள் அடைபட்டுக் கிடந்த மக்களுக்கு, போர் முடிந்த பின் நாடு முதலில் செய்திருக்க வேண்டியது, உலகத்துக்கான வாசலை அருகில் கொண்டுவருவது அல்லவா?

நாடு என்ன செய்தது? 2013 மார்ச்சில் அம்பாந்தோட்டைக் காட்டோரம் மத்தளையில் சர்வதேச விமான நிலையம் ஒன்றைத் திறந்தது. செலவு 209 மில்லியன் டொலர். அதில் 190 மில்லியன் சீனக் கடன். ஆண்டுக்குப் பத்து இலட்சம் பயணிகளுக்கென்று கட்டப்பட்ட நிலையத்தில் 2015 இல் நெல் மூட்டைகளைக் களஞ்சியப்படுத்தினார்கள். பயணி இருக்கும் இடத்தில் வசதி இல்லை. வசதி இருக்கும் இடத்தில் பயணி இல்லை.

மத்தளையைச் சொல்லும்போது எம்மவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தேர்தல் நெருங்கினால் வவுனியாவுக்கு ஒரு விமான நிலையம், இரணைமடுவுக்கு ஒரு விமான நிலையம் என்று பேச்சுக்கள் கேட்கும். கைதட்டலுக்கு ஏற்ற பேச்சு. ஆனால் இருபது இலட்சம் மக்கள்கூட இல்லாத வடமாகாணத்தில், ஒன்றை ஒழுங்காக நடத்த இயலாதபோது மூன்றைக் கட்டினால், மத்தளையின் தம்பிமார் இருவர் பிறப்பார்கள். அதற்குக் காணி யாருடையது? வலிகாமம் வடக்கில் 1990 இல் இடம்பெயர்ந்தவர்களின் நிலங்களே இன்னும் முழுமையாக விடுவிக்கப்படவில்லை. வன்னிக்கு வேண்டியது இன்னோர் ஓடுபாதை அல்ல. இருப்பவற்றை அடையும் வழி.

அந்த வழிக்கு ஓர் அங்குலக் காணியும் தேவையில்லை. விமான நேரத்தோடு பொருந்தும் ஒரு பேருந்தை இலங்கைப் போக்குவரத்துச் சபை வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வழியாகப் பலாலி வரை விடட்டும். முல்லைத்தீவிலிருந்து வருபவர் பரந்தனில் அதில் ஏறலாம். விமானம் தாமதித்தால் பேருந்தும் காத்து நிற்கட்டும். கட்டுநாயக்காவே கதியென்றால், வடபகுதிப் புகையிரதம் றாகமை வழியாகத்தான் கொழும்புக்குப் போகிறது. கட்டுநாயக்கா ஊடாகச் செல்லும் புத்தளப் பாதையும் அதே றாகமையில்தான் பிரிகிறது. தண்டவாளம் ஏற்கெனவே இருக்கிறது. பொதிகளை வைக்கப் பெட்டியும், நேரம் பொருந்திய ஓர் இணைப்பு வண்டியும் இருந்தால், எத்தனையோ சாரதிகள் இரவில் வீட்டில் உறங்குவார்கள்.

அரசு நினைத்தால் இயலும் என்பதற்குச் சான்று உண்டு. கடவுச்சீட்டுக்காக வடபகுதி மக்கள் வவுனியாப் பிராந்திய அலுவலகத்தின் முன் இரவிரவாக வரிசையில் கிடந்தார்கள். 2025 செப்டெம்பர் 1 இல் யாழ்ப்பாணத்திலும் ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. கடவுச்சீட்டுக்குச் செய்ததைப் பயணத்துக்குச் செய்ய என்ன தடை?

வசதியோடு மதிப்பும் வேண்டும். 2025 மே மாதத்தில், அகதிகளுக்கான ஐ.நா. அலுவலகத்தின் ஏற்பாட்டில் தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பிப் பலாலியில் இறங்கிய முதியவர் ஒருவர், முன்னர் நாட்டைவிட்டுச் சட்டவிரோதமாக வெளியேறினார் என்று கைது செய்யப்பட்டார். குண்டுக்குப் பயந்து படகேறியவரிடம் குடியகல்வு முத்திரை எங்கே என்று கேட்பது எந்த நாட்டு நியாயம்? எதிர்ப்பு எழுந்த பிறகு நடைமுறையை மாற்றுவதாக அரச தரப்பு கூறியது. கூற்று போதாது, சட்டத்தில் எழுதப்பட வேண்டும். பலாலி வன்னி மக்களின் வாசலாக வேண்டுமானால், அதில் நுழைபவர் கைவிலங்கை எண்ணி அஞ்சலாகாது.

வடமாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகளாகத் தேர்தல் இல்லை. ஆகவே ஒரு பேருந்தைக் கேட்கவும் மக்கள் பாராளுமன்றத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு வாக்களிக்கிறது. வவுனியாவும் முல்லைத்தீவும் மன்னாரோடு சேர்ந்து வன்னி மாவட்டத்தில் வாக்களிக்கின்றன. இரு மாவட்ட உறுப்பினர்களும் கட்சிச் சண்டையை ஒருநாள் ஒதுக்கிவைத்து, போக்குவரத்து அமைச்சின் ஒதுக்கீட்டு விவாதத்தில் இந்த மூன்றையும் கேட்கட்டும்: பலாலிக்கு நேரம் பொருந்திய பேருந்து, றாகமையில் இணைப்பு வண்டி, இறுதி நகர் வரை ஒற்றைப் பயணச்சீட்டு. கேட்டவர் யார், கேளாதவர் யார் என்பதை ஹன்சார்ட் பதிவு செய்யும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும்போது, வாசகர்களே, அந்தப் பக்கத்தை அவர்கள் முன் விரித்து வையுங்கள்.