தீ தரையில் தொடங்குகிறது

வேப்பந்தட்டைக்காரர்களான நம்மில் பலர் பைன் மரத்தைக் கோடைக்கானல் பாடல் காட்சிகளில்தான் கண்டிருக்கிறோம். பிறகு ஏன் பைன் காட்டைப் பற்றிப் பேச வேண்டும்? 2017 ஜூனில் போர்ச்சுகலில் காட்டுத்தீக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்; பலர் தப்பியோடிய சாலையிலேயே மாண்டார்கள். அங்கு எரிந்தவை பைனும், நம் வட்டாரத்தில் காகிதக் கூழுக்காக வளர்க்கிறோமே, அந்தத் தைலமரமும்தான்.

மரத்தை வெட்டினால் காடு அழியும் என்கிறது ஒரு தரப்பு. வெட்டாவிட்டால் எரியும் என்கிறது மறு தரப்பு. இரண்டுமே நிற்கும் மரத்தைத்தான் பார்க்கின்றன. தீயோ தரையில் தொடங்குகிறது. உத்தரகாண்ட் மலைகளில் 1000 மீட்டர் உயரத்துக்கு மேல் பச்சை மரம் வெட்ட 1981-இலேயே தடை வந்தது. ஆனால் கோடையில் உதிரும் பைன் ஊசியிலைகளுக்குத் தடை ஏது? பிசின் கொண்ட அச்சருகு எளிதில் மட்காமல் மெத்தையாய்க் கிடக்கிறது. ஒரு பீடி நெருப்பு போதும். வெட்டிய இடத்திலும் கழித்த கிளைகளை அப்படியே விட்டால் இதே கதிதான்.

ஆகவே நெருக்கத்தைக் களைந்து மரம் எடுக்கட்டும். தீத்தடுப்புக் கோடுகளைப் பராமரிக்கட்டும். ஆனால் சருகு அள்ளும் கூலியை மரத்தின் விலையிலேயே சேர்க்க வேண்டும் என்பது நம் கருத்து. சருகுக்குக் கிலோவுக்கு 3 ரூபாய்க்குப் பதில் 50 ரூபாய் தருவதாக 2024-இல் உத்தரகாண்ட் அரசு அறிவித்தது. அறிவிப்பு தீயை அணைக்காது. அள்ளும் பெண்ணின் கைக்குக் காசு வந்தால்தான் அடுத்த கோடைக்குள் தரை சுத்தமாகும். பச்சைமலை அடிவாரத்தில் தைலமரம் நடுவோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.