பழைய வயரின்மேல் புதிய சுமை



அம்பாசிடர் காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றுபோயிற்று. ஆயினும் நம் தாமிரபரணிக் கரை ஊர்களில் அதன் மதிப்புக் குறையவில்லை. தகப்பன் ஓட்டிய வண்டியை மகன் பேணுகிறான். மணமக்களை அழைத்துவர அதையே அலங்கரிக்கிறோம். அலங்காரத்தோடு சீரியல் விளக்குகள், ஒலிபெருக்கி, கூடுதல் ஹெட்லைட், கைப்பேசி சார்ஜர் ஆகியவையும் அதில் ஏறுகின்றன. இவற்றைச் சேர்ப்பது தவறன்று. ஆனால் கைக்கு எட்டிய பழைய வயரைச் சுரண்டி, புதிய வயரை அதில் முறுக்கி, டேப் சுற்றி முடிக்கும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். அந்த வண்டிக்குள் அமர்பவர்கள் நம் மணமக்களும் குழந்தைகளும் அல்லவா?

மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வடிவத்தைத் தழுவி உத்தரபாரா ஆலையில் உருவான வண்டி இது. அதன் மின் ஏற்பாடு அக்காலத் தேவைக்கு அளந்து வைக்கப்பட்டது. ஆரம்பகால வண்டிகளில் இருந்த டைனமோ, எஞ்சின் வேகமாகச் சுழலும்போது ஏறத்தாழ 20 ஆம்பியர் தரும். 12 வோல்ட்டில் அது 240 வாட். 100 வாட் பல்புகள் இரண்டைப் பொருத்தினால் அவையே சுமார் 17 ஆம்பியரை எடுத்துக்கொள்ளும். எஞ்சியதைக் கொண்டு எஞ்சின், வைப்பர், ஹாரன் யாவும் இயங்க வேண்டும். மணப்பவனியிலோ வண்டி ஊர்ந்தே செல்கிறது. மெதுவாகச் சுழலும் டைனமோ சார்ஜ் தருவதில்லை. முழுச் சுமையும் பேட்டரியின்மேல் விழுகிறது. வண்டி வாசலில் நின்றுபோவதற்குக் காரணம் பல வேளைகளில் இதுவே.

நின்றுபோவது சிறிய இழப்பு. பெரிய ஆபத்து வெப்பம். ஒரு வயரில் ஓடும் மின்சாரம் இருமடங்கானால், அதில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும். பல ஆண்டுகளில் இறுகி வெடித்த ரப்பர் உறை அதைத் தாங்காது. அதைவிடக் கொடியது, பியூஸ் போனவுடன் அதற்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவது. வயர் எரியாதபடி முதலில் உருகிப்போவதற்கென்றே பியூஸ் வைக்கப்பட்டிருக்கிறது. அதை உருகவிடாமல் செய்தால், அடுத்து எரிவது வண்டி.

சரியான வழி கடினமானதன்று. புதிய விளக்குக்கு பேட்டரியிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். பேட்டரியின் அருகிலேயே அதற்கென ஒரு பியூஸ் வேண்டும். அந்த பியூஸின் அளவு விளக்கின் தேவைக்குச் சற்று மேலும், வயரின் தாங்குதிறனுக்குக் கீழும் இருக்க வேண்டும். நடுவே ஒரு ரிலே வைத்தால், பழைய சுவிட்ச் கால் ஆம்பியருக்கும் குறைவான மின்சாரத்தையே சுமக்கும். விளக்குக்குரிய மின்சாரம் புதிய வயரிலே செல்லும். புன்னக்காயலில் வாழ்வோர்க்கு இன்னொன்றும் உண்டு. உப்புக்காற்று படகு எஞ்சினின் ஆணிகளைத் தின்பதை நாம் அறிவோம். காரின் எர்த் இணைப்பையும் அது அவ்வாறே தின்கிறது. எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, இறுக முடுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். சில பழைய வண்டிகளில் பேட்டரியின் நேர்முனையே பாடியோடு இணைந்திருக்கும், சார்ஜரையோ எல்.இ.டி. விளக்கையோ மாட்டுமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டியில் புதியது எதுவும் கூடாது என்பார் சிலர். அவர்களுடைய பற்றை மதிக்கிறேன். ஆனால் தனி வழியாகப் போட்ட இணைப்பை நாளை கழற்றிவிடலாம். வண்டி பழையபடியே இருக்கும். சுரண்டி முறுக்கிய வயரோ முன்போல் ஆகாது. இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்பாரும் உண்டு. உறை ஒவ்வோர் ஆண்டும் இறுகிக்கொண்டேயிருக்கிறது. சென்ற ஆண்டு தாங்கியது இந்த ஆண்டும் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை.

இதை எழுதும்போது நம் வீடுகளும் சபையும் நினைவுக்கு வருகின்றன. மறுக்காமல் செய்கிற ஒருவரிடமே ஒவ்வொரு புதிய வேலையையும் இணைத்துவிடுகிறோம். முன்பு செய்தாரே, இதையும் செய்யட்டும் என்கிறோம். அவர் ஓய்ந்துபோகும் நாளில் திகைக்கிறோம். புதிய பணி ஒன்றைத் தொடங்குமுன், அதற்கென்று ஆளும் நேரமும் பொருளும் ஒதுக்குவோம். ‘என்னால் இயலவில்லை’ என்று ஒருவர் சொன்னால் அதைக் குறையாக எண்ணாமல் காதுகொடுத்துக் கேட்போம்.

வண்டி வைத்திருப்போர் அடுத்த கல்யாண முகூர்த்தத்துக்குமுன் எலக்ட்ரீஷியனிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கூட்டிய விளக்குக்குத் தனி வயர் உண்டா? தனி பியூஸ் உண்டா? எர்த் சுத்தமாக இருக்கிறதா? மூன்றில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்ற பதில் வந்தாலும், அதைச் சரிசெய்த பின்பே மணமக்களை ஏற்றுங்கள்.

கர்த்தர் உங்கள் பயணங்களைக் காப்பாராக.