தேனாம்பேட்டையில் புது ஃபிளாட்: ‘ரெரா தேவையில்லை’ என்றால் வாங்குபவருக்கு என்ன பாதுகாப்பு?

தேனாம்பேட்டை, ஆழ்வார்பேட்டை, நந்தனம் பக்கம் உள்தெருக்களில் பழைய தனி வீடுகள் இடிபடுவது இப்போது வழக்கமான காட்சி. ஒன்று அல்லது இரண்டு கிரவுண்ட் இடம். கீழே கார் பார்க்கிங், மேலே ஆறு முதல் எட்டு ஃபிளாட். மெட்ரோ பக்கத்திலேயே, அண்ணா சாலை கூப்பிடு தூரம். வேலைக்குப் போகும் இளம் தம்பதிக்கு ஆசை வருவது இயல்பு. ஆனால் ‘ரெரா நம்பர் என்ன?’ என்று கேட்டால், “சார், இது சின்ன புராஜெக்ட். ரெரா எல்லாம் தேவையில்லை” என்று பில்டர் சொல்வார்.

சிக்கல் என்னவென்றால், பல இடங்களில் அவர் சொல்வது உண்மைதான்.

ஓட்டை எங்கே இருக்கிறது?

2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாமலோ, வீடுகள் எட்டைத் தாண்டாமலோ இருந்தால் பதிவு கட்டாயமில்லை. ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி. இரண்டு கிரவுண்ட் சேர்ந்தாலும் சுமார் 446 சதுர மீட்டர்தான். அதில் எட்டு வீடு கட்டுபவர், சட்டத்தை மீறாமலே பதிவில்லாமல் விற்கலாம்.

பதிவு பெற்ற திட்டத்தில், வாங்குபவர்கள் கொடுக்கும் பணத்தில் 70% தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும்; அதை நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே எடுக்க முடியும். அனுமதி, வரைபடம், முடிக்க வேண்டிய தேதி எல்லாம் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும். ஓஎம்ஆரில் 300 வீடுகள் உள்ள வளாகத்தில் வாங்குபவருக்கு இந்தக் கவசம் உண்டு. நகரின் நடுவில், சதுர அடிக்கு அதைவிட அதிக விலை கொடுப்பவருக்கு இல்லை. அவர் தன் கவசத்தைத் தானே ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியிருக்கிறது.

கையெழுத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

முதலில் நிலம். தாய்ப்பத்திரத்தில் தொடங்கி இன்றுவரை உரிமை எப்படிக் கை மாறியது என்று வக்கீல் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் குறைந்தது 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் எடுக்க வேண்டும். மயிலாப்பூர் சுற்றுவட்டாரத்தில் கோயில் நிலம் நிறைய. அதையும் விசாரிக்காமல் விடக் கூடாது.

அடுத்து, விற்பவர் யார்? பழைய வீடு என்றால் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்று பலருக்குப் பங்கு இருக்கும். பில்டர் அவர்களிடம் பவர் வாங்கித்தான் விற்பார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்களா, பவர் பதிவாகியிருக்கிறதா, கொடுத்தவர்கள் உயிருடன் இருக்கிறார்களா என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பவர் பத்திரமும் ஒப்பந்தமும் மட்டும் சொத்துரிமையைத் தராது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. கிரயப் பத்திரம் பதிவானால்தான் வீடு உங்களுடையது.

மூன்றாவது, யுடிஎஸ் எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கு. 4,800 சதுர அடியில் ஒரே அளவில் எட்டு வீடு என்றால் தலைக்கு 600 சதுர அடி வர வேண்டும். பத்திரத்தில் 400 என்று இருந்தால் மீதி யார் பேரில் இருக்கிறது? நாளை கட்டடம் பழசாகி இடிக்கும்போது கையில் மிஞ்சுவது இந்தப் பங்குதான்.

நான்காவது, பணம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பது ரெரா விதி. பதிவில்லாத திட்டத்திலும் இதே அளவுகோலைப் பிடிவாதமாகக் கேட்கலாம். மீதித் தொகை அஸ்திவாரம், தளம், பூச்சு என்று வேலை முடிய முடியத்தான் போக வேண்டும். ஒப்படைக்கும் தேதி, தாமதத்துக்கு வட்டி, கட்டமைப்புக் குறைக்கு 5 வருடப் பொறுப்பு ஆகியவற்றையும் எழுத்தில் வாங்க வேண்டும். வாய் வார்த்தை நீதிமன்றத்தில் நிற்காது.

‘பேங்க் லோன் கொடுத்துடுச்சு, அப்புறம் என்ன?’

வங்கி பார்ப்பது தன் கடனுக்கான பாதுகாப்பை. அனுமதி இருப்பதும் முழு உத்தரவாதம் அல்ல. 2014 ஜூன் 28-ல் மவுலிவாக்கத்தில் இடிந்து 61 பேரைப் பலிகொண்ட 11 மாடிக் கட்டடம், அனுமதி வாங்கிக் கட்டப்பட்டதுதான். அனுமதி வரைபடத்தையும் மண் பரிசோதனை அறிக்கையையும் தனியாக ஒரு பொறியாளரிடம் காட்ட ஆகும் செலவு, வீட்டு விலையில் கொசுறு.

அதையும் மீறிப் பிரச்சினை வந்தால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது

இவ்வளவையும் வாங்குபவர் தலையில் கட்டுவது நியாயமா? 500 சதுர மீட்டர், எட்டு வீடு என்ற வரம்பைக் குறைக்க மாநில அரசுக்கு அதே சட்டம் அதிகாரம் தருகிறது. சின்ன பில்டர்களுக்குச் சுமை கூடும் என்பார்கள். தனி வங்கிக் கணக்கும், இணையத்தில் ஏற்ற வேண்டிய சில ஆவணங்களும் எட்டுக் குடும்பங்களின் 20 வருட இஎம்ஐயை விடப் பெரிய சுமை அல்ல. தெருவுக்குத் தெரு பழைய வீடுகள் இடிபடும் சென்னையில், தமிழக அரசு அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும்.

அதுவரை ‘ரெரா தேவையில்லை’ என்று பில்டர் சொன்னால், வாங்குபவர் இரண்டு மடங்கு கேள்வி கேட்பதுதான் புத்திசாலித்தனம்.