டில்பர்ட்டில் டேவ் எதற்கு?

சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களிடம் டில்பர்ட் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் மேனேஜர் பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள்!

தெரியாத வாசகர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். டில்பர்ட் ஓர் அமெரிக்க காமிக்ஸ். ஸ்காட் ஆடம்ஸ் என்பவர் 1989 ஏப்ரலில் தொடங்கியது. தினமும் மூன்று கட்டம், ஓர் ஆபீஸ், டை மேல்நோக்கி வளைந்து நிற்கும் ஓர் இன்ஜினீயர். அவருக்கு ஒரு மேனேஜர். அவர் தலையில் இரண்டு பக்கமும் கொம்பு போல முடி! ஆடம்ஸ் அப்போது பசிபிக் பெல் என்ற தொலைபேசி கம்பெனியில் வேலை பார்த்து வந்தார். 1993 முதல் தன் இமெயில் முகவரியை காமிக்ஸிலேயே போட ஆரம்பித்தார். உடனே உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் தங்கள் ஆபீஸ் கூத்துகளை எழுதி அனுப்பினார்கள். கதையும் ஆபீஸுக்குள்ளேயே குடியேறிவிட்டது. 1995-ல் இன்டர்நெட்டுக்கும் வந்தது. 2023 மார்ச் வரை காசு கிடையாது. தேதியைத் தேர்ந்தெடுத்து க்ளிக் செய்தால் போதுமானதாக இருந்தது, அந்த நாளின் ஸ்ட்ரிப் திரையில் வந்து நின்றது.

நான் இதைப் படிக்க ஆரம்பித்தது இன்ஜினீயரிங் காலேஜ் நாட்களில். லீவில் தஞ்சாவூர் பக்கம் உள்ள எங்கள் கிராமத்துக்கு வந்தால், வெளியே அறுப்பு மெஷின் ஓடும். உள்ளே பழைய டெஸ்க்டாப்பில் நான் 1996-ல் இருப்பேன். காரணம் அசோக்.

1996 மார்ச்சில்தான் அசோக் கதைக்குள் வந்தான். ஐ.ஐ.டி.யில் படித்த இந்திய இளைஞன், பதவி இன்டர்ன். எல்லாம் தெரியும், ஆபீஸ் என்றால் என்னவென்று மட்டும் தெரியாது. மேனேஜர் சொல்வதை அப்படியே நம்புவான். காபி கோப்பையோடு திரியும் வாலி, வேலை செய்யாமல் காலம் தள்ளுவது எப்படி என்று அவனுக்குப் பாடம் நடத்துவான். தஞ்சாவூர் பொம்மை மாதிரி, எந்தப் பக்கம் தள்ளினாலும் அசோக் மறுநாள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நம் ஆள் ஒருத்தன் அமெரிக்க காமிக்ஸில் இருக்கிறானே என்ற பெருமை வேறு.

பிறகு 2022 மே 2-ம் தேதி டேவ் வந்தார். 33 வருடமாக ஓடிக்கொண்டிருந்த காமிக்ஸில் வழக்கமாக வரும் முதல் கறுப்பினப் பாத்திரம். டீமில் பன்முகத்தன்மை வேண்டும் என்பதற்காக இவரைச் சேர்த்திருப்பதாக மேனேஜர் அறிமுகம் செய்கிறார். டேவோ தன்னை வெள்ளையராகக் கருதுவதாகச் சொல்கிறார். மேனேஜரின் கணக்கு குழம்புகிறது. ஜோக் அவ்வளவுதான்.

எனக்குப் பிடிக்கவில்லை. என்னோடு படித்த கும்பகோணத்து நண்பனுக்கு போன் செய்து புலம்பினேன். அவன் விடவில்லை. "என்னடா மாப்ளே, அசோக்க மட்டும் தூக்கி வச்சு ஆடுன? அவன் நம்மாளுங்கிறதால இனிச்சுதா? டேவாவது மேனேஜரக் குழப்பி விடுறான். உன் அசோக் இத்தன வருஷமா காபிதானடா வாங்கியாறான்!"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு சில நாட்கள் ஆனது.

அசோக் வரும் ஸ்ட்ரிப்களில் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அவனுக்கு விடை தெரியும். சுற்றியிருப்பவர்கள் கேட்க மாட்டார்கள். அசடு வழிவது ஆபீஸ், அசோக் அல்ல. நம் சினிமாவில் கரகாட்டக்காரன் வந்ததும் டில்பர்ட் தொடங்கிய அதே 1989-ல்தான். அதன் வாழைப்பழ காமெடியில் செந்திலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குப்படி அவர் சொல்வது சரி. அதனால்தான் கவுண்டமணிக்கு அத்தனை கோபம். டேவுக்கு அப்படி சொந்தமாக ஒரு கணக்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆசிரியருக்கு ஒரு கருத்து இருந்தது. அதைச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆணி அடித்துச் சட்டையை மாட்டிய மாதிரி டேவை மாட்டிவிட்டார்.

கருத்தே சொல்லக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இதே ஆடம்ஸ், சட்டப்பிரிவு 377 செல்லும் என்று 2013 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அதற்கு எதிர்வினையாக 2014 பிப்ரவரியில் அசோக்கை ஓரினச்சேர்க்கையாளர் என்று அறிவித்தார். அதுவும் பச்சையான கருத்துதான். ஆனால் அதற்குள் அசோக்கோடு வாசகர்களுக்கு 18 வருடப் பழக்கம். அவன் தோளில் எதை வைத்தாலும் தாங்கும். டேவ் தோளில் முதல் நாளே மூட்டை ஏறிவிட்டது.

எங்கள் பக்கத்தில் மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளா நடக்கும். பிரகலாத சரித்திரம் பார்க்க சிறு வயதில் அப்பா அழைத்துப் போவார். நாடகம் தெலுங்கில். எனக்குப் புரிந்த ஒரே பாத்திரம் கோணங்கி! குல்லாய் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் மேடைக்கு வந்து, குதித்து ஆடி, கூட்டத்தின் இரைச்சலை அடக்கிவிட்டு உள்ளே போய்விடும். பின்னால் வருவது பெரிய கதை என்று அந்த ஆட்டத்திலேயே தெரிந்துவிடும். டேவுக்குப் பின்னால் என்ன கதை வரப்போகிறது என்று நானும் சில வாரம் பார்த்தேன். நான் பார்த்தவரை அதே ஜோக்தான் வேறு வேறு சட்டை மாட்டிக்கொண்டு வந்தது.

ஒன்பது மாதம் கழித்து, 2023 பிப்ரவரியில், ஆடம்ஸ் தன் யூடியூப் நிகழ்ச்சியில் கறுப்பின மக்களைப் பற்றி மோசமாகப் பேசினார். பத்திரிகைகள் வரிசையாக டில்பர்ட்டை நிறுத்தின. விநியோகம் செய்து வந்த ஆண்ட்ரூஸ் மெக்மீல் நிறுவனமும் உறவை முறித்துக்கொண்டது. மார்ச்சில் காமிக்ஸ் சந்தா கட்டுபவர்களுக்கு மட்டும் என்று மாறியது. இலவசப் பழைய ஸ்ட்ரிப்களும் வெப்சைட்டிலிருந்து போய்விட்டன. "டேவைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும்" என்று மார்தட்ட ஆசைதான். உண்மை அதுவல்ல. அன்று ஜோக் மொக்கை என்று மட்டும்தான் நினைத்தேன்.

நண்பனிடம் சொல்லாத இன்னொரு விஷயம் உண்டு. நான் முதலில் சேர்ந்த ஆபீஸில் எனக்குப் பெயரே அசோக். டீம் லீடரை "அண்ணே" என்று கூப்பிட்டதற்கும், மீட்டிங்கில் "வந்துச்சுங்க, போச்சுங்க" என்று பேசியதற்கும் கிடைத்த பட்டம். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. வெளியூர்ப் பையனுக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்தால் டீமில் இடம் கிடைத்த மாதிரி. ஒரு ரிலீஸுக்கு முந்தின நாள், தேதி ஃபார்மெட் மாறினால் ரிப்போர்ட் தப்பாக வரும் என்று மீட்டிங்கில் சொன்னேன். "அசோக் சொல்லிட்டாருப்பா" என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் நான் சொன்னது காணாமல் போய்விட்டது. மறுநாள் இரவு இரண்டு மணி வரை அந்தத் தேதியைத்தான் சரி செய்துகொண்டிருந்தோம்.

காமிக்ஸில் படித்தபோது அத்தனை சிரிப்பு வந்த காட்சி. அசோக்குக்காவது அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வாசகன் ஒருவன் இருந்தான்.

இப்போது வேறு கம்பெனி. போன மாதம் எங்கள் டீமில் பட்டுக்கோட்டைப் பையன் ஒருவர் சேர்ந்தார். முதல் நாளே "அடுத்த அசோக் வந்தாச்சு" என்றார் ஒருவர். டில்பர்ட் இன்னும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, பாருங்கள்! அன்று மதியம் ரிலீஸ் மீட்டிங்கில் அவரை என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். இரண்டு கேள்வி கேட்டார். இரண்டாவது கேள்விக்கு எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.