மணியைப் போற்றுவோம், கயிற்றைத் தொடமாட்டோம்

இலக்கிய வாசகர்களிடையே ஒரு விசித்திரமான பெருந்தன்மை நிலவுகிறது. முன்வெளியீட்டுத் திட்டம் என்று அறிவிப்பு வரும்; 5 தொகுதிகளுக்கு 3,000 ரூபாய் அனுப்புவோம். இரண்டு தொகுதிகள் வந்து சேரும். எஞ்சிய மூன்றும் அச்சில் இருப்பதாகச் சொல்வார்கள். ஆண்டுக்கணக்கில் அவை அச்சிலேயே இருக்கும். ஆயுள் சந்தா கட்டிய இதழோ நம் ஆயுளுக்கு முன்பே தன் ஆயுளை முடித்துக்கொள்ளும். கூடுமிடமெல்லாம் இதைச் சொல்லிப் புலம்புவோம். ‘நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாமே’ என்று எவரேனும் சொன்னால் மட்டும் பேச்சு நின்றுவிடும். ‘போயும் போயும் 3,000 ரூபாய்க்கு வழக்கா?’ என்பார் ஒருவர். ‘தமிழ்த்தொண்டு செய்பவரை நீதிமன்றத்துக்கு இழுப்பதா?’ என்பார் மற்றொருவர்.

இந்தப் பெருந்தன்மையை நாம் ஏற்பதற்கில்லை. 200 பேர் ஆளுக்கு 3,000 ரூபாயை விட்டுக்கொடுத்தால் அது 6 லட்சம் ரூபாய். தனியொருவர் கணக்கில் அற்பமாகத் தெரிவது வாங்கியவர் கணக்கில் அற்பமன்று. நம் கூச்சமே அவருடைய மூலதனம்.

வழக்காடுவது இழிவென்ற எண்ணத்தை நாம் எங்கிருந்து பெற்றோம்? நம் இலக்கியத்திலிருந்து நிச்சயமாக இல்லை. மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியை வகுப்பறையில் உருகி உருகி நடத்துகிறோம். அந்த மணியை அடித்தது ஒரு பசு என்பதை மறந்துவிடுகிறோம். சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே ‘வழக்குரை காதை’ என்று பெயர். தான் யார், தன் ஊர் எது, தனக்கு நேர்ந்தது என்ன என்று கண்ணகி முறையாகச் சொல்கிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் பாண்டியன். சிலம்பு உடைந்ததும் வழக்கு முடிகிறது. பெரியபுராணத்தில், திருவெண்ணெய்நல்லூர் அவையில் சுந்தரர்மீது வழக்குரைக்க வரும் முதியவர் இன்னும் கெட்டிக்காரர். சுந்தரர் கிழித்தெறிந்தது படி ஓலைதான். மூல ஓலையை அவர் பத்திரமாக வைத்திருந்தார். ரசீதின் நகலைத் தந்து மூலத்தைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பாடத்தைச் சேக்கிழாரிடமே கற்றிருக்கலாம்.

சட்டமும் கதவை அகலத் திறந்தே வைத்திருக்கிறது. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. விற்றவர் சென்னையில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும். மேற்கொண்டு 15 நாள் அவகாசம் தரலாம், அதற்குமேல் இல்லை. நமக்கும் ஒரு கெடு உண்டு: குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. தக்க காரணம் காட்டாமல் அதைக் கடந்தால் கதவு மூடிவிடும். ‘அச்சில் இருக்கிறது’ என்ற பதிலைக் கேட்டுக்கொண்டே நாம் கழிப்பது அந்த இரண்டாண்டைத்தான்.

வழக்குகள் இழுபடுகின்றன என்பார்கள்; உண்மைதான். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் பல வழக்குகள் அப்படி முடிவதில்லை. ஆயினும் தாமதமாகக் கிடைக்கும் நீதியைவிட, கேட்கப்படாத நீதி எந்த வகையில் மேல்? சிறு பதிப்பாளர்கள் நலிந்தவர்கள் என்பார்கள், அதுவும் உண்மை. ஆகவே முதலில் ஒரு கடிதம் எழுதுவோம். ‘பணமில்லை, அவகாசம் தாருங்கள்’ என்று நேர்மையாகப் பதில் எழுதுபவருக்குக் காத்திருப்போம். பதிலே எழுதாதவருக்குத் தமிழ்த்தொண்டு கேடயமாகக் கூடாது. பணம் அனுப்பிய வாசகனும் தமிழுக்குத்தான் அனுப்பினான்.

தமிழ் கற்பிக்கும் நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. தமிழின் முதல் நாவலை 1879-இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு முன்சீப். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்தவர். தமிழர் வழக்கு தமிழில் நடக்க வேண்டும் என்று வாதாடியவர். அவருடைய நாவலைப் பாடமாக வைத்த நாம், பெயர், முகவரி, நாள், தொகை, குறை, கேட்கும் பரிகாரம் ஆகிய ஆறும் அடங்கிய ஒரு முறையீட்டைத் தமிழில் எழுத மாணவருக்குக் கற்றுத்தருகிறோமா? மாவட்ட ஆணையத்துக்குத் தமிழிலேயே எழுதித் தரலாம். அந்த ஒரு பக்கத்தைப் பிழையின்றி எழுத முதுகலைப் பட்டம் பெற்றவரும் தடுமாறுகிறார் என்றால், குறை மாணவரிடம் இல்லை, பாடத்திட்டத்தில் இருக்கிறது.

அடுத்த முறை கூடும்போது புலம்பல்கள் வேண்டாம். அவரவர் ரசீதைக் கொண்டுவருவோம். அதிலுள்ள தேதியை முதலில் பார்ப்போம்.