எல்லா ஷெட்டுக்கும் ஒரே நாளிலா?

நாமக்கல் கோழிப்பண்ணைக்காரரிடம் புதுத் தீவனம் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். எல்லா ஷெட்டுக்கும் ஒரே நாளில் மாற்றத் தயங்குவார். முதலில் ஒரு ஷெட். முட்டை குறையவில்லை என்றால்தான் அடுத்தது. சாஃப்ட்வேரில் இதுக்குப் பேர் 'கேனரி ரிலீஸ்'. அங்கேயும் ஒரு பறவைதான்: விஷவாயுவைக் கண்டுபிடிக்கச் சுரங்கத்துக்குள் கொண்டுபோன கேனரி.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையுள்ள அப்டேட் ஒன்று, நம்ம நேரப்படி காலை 9.39-க்கு உலகம் முழுக்க ஒரேயடியாகப் போனது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனாலும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அனுப்பியது ஆட்டோமேஷன், சரிசெய்ததோ பெரும்பாலும் மனிதர்கள், ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து.

ஒரு நாளைக்கு எத்தனை ரிலீஸ் என்று மட்டும் டெவ்ஆப்ஸ் டீமை அளக்கும் மேனேஜர்கள், 'முதலில் எத்தனை பேருக்குப் போகுது? தப்பானா எத்தனை நிமிஷத்தில் பழைய வெர்ஷனுக்குத் திரும்பலாம்?' என்றும் கேட்க வேண்டும். சேலம் ஜாகீர் அம்மாபாளையம் ஐ.டி. பார்க்கிலும் இதே கேள்விதான். பாதுகாப்பு அப்டேட் அவசரம், காத்திருக்க முடியாது என்பார்கள். பத்து நிமிடம்கூடவா?

இந்த வகை அப்டேட்டையும் இனி படிப்படியாகவே அனுப்புவோம் என்று கிரவுட்ஸ்டிரைக் அறிவித்தது, அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகுதான்.